முருகன் படம் ஒட்டிய பெட்டி

இந்த சீட்டா? ஆள் இருக்கு தம்பி. பெட்டிதான், ஆனா டிக்கெட் எடுத்த பெட்டி. வேணும்னா கண்டக்டரைக் கேட்டுக்குங்க. மதுரையில ஏறும்போதே "லக்கேஜக் கொண்டுபோயி பின்னாடி போடுங்க"ன்னாரு. ரெண்டு ஃபுல் டிக்கெட் குடுங்கன்னேன். இன்னொருத்தர் எங்கன்னாரு. இவருதான்னு பெட்டியக் காட்டினேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு கிழிச்சுக் குடுத்துட்டாரு. பைத்தியம்னு நினைச்சிருப்பாரு. நினைக்கட்டும், பெட்டி முழுசா போய்ச் சேர்ந்தா போதும்.

நீங்க இப்படி ஓரத்துல உக்காருங்க. மூணு பேர் சீட்டுதான? பெட்டி நடுவுல இருக்கட்டும். ரெண்டு பக்கமும் ஆள் இருந்தா ஆடாது. முட்டிய மட்டும் கொஞ்சம் அணைச்சு வச்சுக்குங்க, ராஜபாளையம் தாண்டினா ரோடு ஒரு மாதிரி.

கையில என்ன, ஊறுகாயா? எலுமிச்சையா? புளியங்குடியா நீங்க? சொந்தமா போட்டு வெளியூருக்கு அனுப்பப் போறீங்களா? அடடா. கண்ணாடி பாட்டில்ல வேற. நல்லவேளை என் பக்கத்துல உக்காந்தீங்க தம்பி. ஊறுகா போடறது யாரு வேணும்னாலும் போட்டுடலாம். அனுப்பறது இருக்கே, அதுக்குத்தான் ஒரு அனுபவம் வேணும். எனக்கு முப்பது வருஷம். விருத்தாசலத்துல மணிமுத்தா செராமிக்ஸ்னா நான்தான். கொளஞ்சிநாதன். எங்க சூளையில வேகாத சாமான் கிடையாது. க்ளோசெட்டு, வாஷ்பேசின், எல்லாம். இந்தப் பெட்டியில இருக்கறதும் அதான். வெஸ்டர்ன் க்ளோசெட். சம்பந்தி வீட்டுக்கு.

ஏன் சிரிக்கறீங்க? எல்லாரும் சிரிக்கறாங்க. என் பொண்ணு கல்யாணத்துல பந்தியில உக்காந்துக்கிட்டு மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க, "கக்கூஸ் கம்பெனிக்காரர் நல்லாத்தான் சாப்பாடு போடுதாரு"ன்னாங்க. என் காதுபடத்தான் சொன்னாங்க. நானும் சிரிச்சு வச்சேன். பொண்ணக் குடுத்தவன் வேற என்ன பண்றது? அதுக்கப்புறமும் அந்த வீட்ல எதாவது வாய்த்தகராறுன்னா, கக்கூஸ்காரர் மகள்னுதான் அவளச் சொல்வாங்களாம். நிலா சொல்லமாட்டா, அவங்க அம்மாதான் என்கிட்ட சொன்னா. வெண்ணிலா என் பொண்ணு. தென்காசியில குடுத்திருக்கேன்.

இப்ப விஷயம் என்னன்னா, அவ மாமனாருக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன். திருநெல்வேலியில பண்ணினாங்க. குத்தாலிங்கம்னு பேரு. போஸ்ட் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. நல்ல மனுஷன்தான், ஆனா எதுக்கெடுத்தாலும் தேதி பார்ப்பாரு. நாம போட்ட கல்யாணப் பத்திரிகை என்னைக்கு வந்து சேர்ந்துச்சுன்னு இன்னிக்கும் சொல்வாரு. அவர் வீட்ல இருக்கறது கீழ குந்தற டைப்பு. டாக்டர் இனிமே குந்தவே கூடாதுன்னுட்டாரு. நிலா போன் பண்ணினா. "அப்பா, மாமாவ அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதுக்குள்ள வெஸ்டர்ன் மாட்டணும். இங்கயே கடையில ஒண்ணு வாங்கிடலாம்னு உங்க மாப்பிள்ளை சொல்றாரு."

எப்படி இருக்கும் எனக்கு? முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் க்ளோசெட் செய்யறவன் பொண்ணு வீட்ல, கடையில வாங்கின க்ளோசெட்டா? இத்தனை நாள் கக்கூஸ்காரர் கக்கூஸ்காரர்னீங்களே, இப்ப அந்தக் கக்கூஸ்காரன் அனுப்பினதுலதான்டா உங்க வீட்டுப் பெரியவரு உக்காரப் போறாருன்னு காட்டவேணாமா? எவனும் வாங்கக்கூடாது, நான் அனுப்பறேன்னேன்.

"வந்து சேர்ந்துடுமாப்பா?"ன்னா.

என்னைப் பார்த்து, அவ, அந்தக் கேள்வியக் கேக்கறா. என்னம்மா பேசற, அப்பன் தொழிலே அதானன்னேன்.

இப்ப நீங்க கேட்டுக்குங்க தம்பி, உங்களுக்கும் உபயோகப்படும். மொதல்ல கூரியர். ஏசி ரூம்ல ஒரு பையன் டை கட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். எடை போடுவான்னு பார்த்தா டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம்னு அளக்கறான். என்னப்பா, பெட்டிக்கு சட்டை தைக்கப் போறியான்னேன். பெட்டி எடத்த அடைக்குது சார், அதனால எடையப் பார்க்கமாட்டோம், அளவத்தான் பார்ப்போம்னான். க்ளோசெட்டுக்கு நடுவுல ஓட்டை இருக்கறது இயற்கைதான? அந்த ஓட்டையில இருக்கற காத்துக்கும் நான் கூலி குடுக்கணுமாம். சரி, தொலையுதுன்னு தலையாட்டினா, உள்ள என்னன்னு கேட்டான். பீங்கான்னேன். பீங்கான் எடுக்கறதில்ல சார்னுட்டான். அத மொதல்லயே கேக்கறதுக்கென்ன? அளந்து பழகறான் போல.

அப்புறம் பஸ் பார்சல். இந்த ஆம்னி பஸ் டிக்கியில போட்டு விடறாங்களே, அதான். டிரைவர் செல் நம்பர் குடுத்துடுவாங்க. மறுநாளே போய்ச் சேர்ந்துடும், அதுல ஒண்ணும் குறை சொல்ல முடியாது. ஆனா அந்த பஸ் ஊருக்குள்ள போகாது, பைபாஸ்ல நிப்பாட்டுவான். மாப்பிள்ளை போயி ரோட்டோரம் நின்னு வாங்கணும். நிலாகூட, அவரு நின்னு வாங்கிப்பாருப்பா, அதுலயே போட்டுடுங்கன்னா. நான் விடுவேனா? மாப்பிள்ளைய பஸ்ஸுக்காக வெயில்ல நிக்க வைக்கறதா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல? முடியாதுன்னுட்டேன்.

தனி லாரி பிடிச்சு அனுப்பலாம். ஒத்தை க்ளோசெட்டுக்கு ஒரு லாரின்னா ஊர்வலம் விடற மாதிரி இருக்கும். கடைசியா மிஞ்சறது நம்ம லாரி ஆபீஸ்தான். பத்துப் பேர் சரக்க ஒண்ணா ஏத்திக்கிட்டுப் போறானே, பார்ட் லோடு. அதுலதான் நான் எப்பவும் அனுப்பறது. உங்க வாசலுக்கே கொண்டாந்து எறக்குவான். என்ன, விருத்தாசலத்துல ஏத்தினத திருச்சி குடோன்ல எறக்கி, அங்க ஊர் பிரிச்சு, மறுபடி வேற வண்டியில ஏத்துவான். அந்த எறக்கற ஏத்தற எடத்துலதான் நம்ம உசுரு போறது.

புக்கிங் கிளார்க்கு எனக்கு வருஷக்கணக்கா பழக்கம். ஒவ்வொரு தடவையும் ரசீதுல "ஓனர்ஸ் ரிஸ்க்"னு முத்திரை குத்துவாரு. யோவ், ஓனர் யாருய்யான்னு கேட்டேன் ஒரு தடவை. நீங்கதான் சார்னாரு. வண்டி உன்னுது, தூக்கிப் போடறவன் உன் ஆளு, ரோட்டுக் குழி கவர்மெண்டுது, ரிஸ்க்கு மட்டும் என்னுதான்னேன். ஆமா சார், இங்க ஒரு கையெழுத்துன்னாரு. நீங்களும் போடுவீங்க. போட்டுத்தான் ஆகணும்.

உடையும், ஜாக்கிரதைன்னு எழுதலாமேம்பீங்க. எழுதிப் பார்த்தாச்சு. சிவப்பு மையில, கொட்டை எழுத்துல. அதப் படிச்சதும் லோடுமேனுக்கு அப்படியான்னு ஒரு ஆசை வந்துடுது போல, இன்னும் ரெண்டடி ஒசரத்துலேர்ந்து போடறான். கண்ணாடி கிளாஸ் படம் ஒட்டிப் பார்த்தேன். அதத் தலைகீழா கவுத்து வச்சு மேல ஏறி நின்னு பீடி குடிக்கறான்.

இந்தத் தடவ உடையக்கூடாது தம்பி. என் பொண்ணு மானம் அதுல இருக்கு. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை தோணுச்சு. நம்ம ஊர்ல சுவத்தோரம் ஒண்ணுக்குப் போறானுங்கன்னா என்ன பண்றோம்? சாமி படம் ஒட்டறோம். அப்புறம் எவனாவது வர்றானா? கம்பெனி காலண்டர் நெறைய மிச்சம் கிடந்துது. எங்க கொளஞ்சியப்பர் படம். முருகன்தான் அவரு, எங்க பக்கம் அந்தப் பேரு. கீழ கம்பெனி பேரு இருக்கற எடத்த மட்டும் வெட்டிட்டு, பெட்டிக்கு நாலு பக்கமும் ஒண்ணு, மேல ஒண்ணுன்னு ஒட்டினேன். என் சம்சாரம் தையல்நாயகி பார்த்துட்டு, க்ளோசெட் பெட்டியில போயி சாமி படமான்னு கத்தினா. பெட்டி மேலதான ஒட்டறேன், உள்ளயா ஒட்டறேன்னு கேட்டேன்.

லாரி ஆபீஸ்ல கொண்டுபோய் வச்சேன் பாருங்க, அதுவரைக்கும் "ஓரமாத் தள்ளுடா"ன்னு கால்லயே காட்டற ஆளுங்க, செருப்பக் கழட்டிட்டு ரெண்டு கையால தூக்கினாங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. முப்பது வருஷத்துல என் சரக்குக்குக் கிடைச்ச மொத மரியாதை. கிளார்க்கு பெட்டி மேல நம்பரும் ஊரும் எழுத மார்க்கர எடுத்தாரு. எந்தப் பக்கம் திருப்பினாலும் முருகன். சாமி மேல எப்படி சார் கிறுக்கறதுன்னு, ஒரு துண்டுச் சீட்டுல எழுதி கயித்துல சொருகிட்டாரு. நல்ல மனுஷன். நான் வெளிய வந்து மொத வேலையா பொண்ணுக்குப் போன் பண்ணி அனுப்பிட்டேம்மான்னேன். சரிப்பான்னா.

அந்தச் சீட்டு எங்க விழுந்துச்சுன்னு அந்த முருகனுக்குத்தான் தெரியும்.

நாள் ஓடுது, பெட்டி போய்ச் சேரல. விருத்தாசலத்துல கேட்டா திருச்சியக் கேளுங்கறான், திருச்சியில கேட்டா அப்படி ஒரு நம்பரே எறங்கலங்கறான். தென்காசி ஆபீஸ்ல எடுக்கறதே இல்ல. இதுக்குள்ள சம்பந்தி ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்துட்டாரு. தினமும் நிலாவுக்குப் போன் பண்ணி, இந்தா மதுரை தாண்டிடுச்சாம், இந்தா நாளைக்கு வந்துடுமாம்னு ஏதோ சொல்வேன். "சரிப்பா, மெதுவா வரட்டும், நீங்க அலையாதீங்க"ம்பா. மாமா எப்படிம்மா சமாளிக்கறாருன்னா, "சமாளிக்கறாருப்பா"ம்பா. ஒரு நாள்கூட அவசரப்படுத்தல தம்பி. ஒரு வார்த்தை குத்திப் பேசல. அவங்க அம்மாவா இருந்தா என்னை உண்டு இல்லன்னு பண்ணியிருப்பா. பொண்ணுக்கு அப்பன் மேல அவ்ளோ நம்பிக்கை.

எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. யாராவது நம்மள ஏமாத்திட்டா கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டுவோம். நடந்தத மனுவா எழுதி அவர் முன்னாடி கட்டிட்டா அவரே விசாரிப்பாரு. லாரி ஆபீஸ் மேல கட்டிடலாம்னு கிளம்பினேன். பாதி தூரம் போனதும் யோசனை வந்துது. காணாமப் போனது க்ளோசெட்டு. அதுல ஒட்டினது அவரு படம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கட்டறது? அப்படியே திரும்பி பஸ்ஸப் பிடிச்சு திருச்சிக்குப் போயிட்டேன்.

திருச்சி குடோன்ல நுழைஞ்சா ஊதுபத்தி வாசனை. லாரி குடோன்ல டீசல் வாசனை வரும், கோணிச் சாக்கு வாசனை வரும், ஊதுபத்தி ஏன் வருது? உள்ள போய்ப் பார்க்கறேன், மூலையில ஒரு ஸ்டூல், மேல துண்டு விரிச்சு என் பெட்டி. மாலை போட்டிருக்கு. எலுமிச்சம்பழம் வச்சிருக்கு, உங்க ஊருதாவே இருக்கலாம். சந்தனம், குங்குமம், எல்லாம் அம்சமா இருக்கு. ரெண்டு பேரு கும்பிட்டுட்டு வேலைக்குப் போறான்.

லோடுமேன் மேஸ்திரி சவரிமுத்துன்னு ஒருத்தரு. அவருதான் விவரம் சொன்னாரு. "அட்ரஸ் இல்ல சார். கனம் கல்லு மாதிரி இருக்கு, சுத்தி சாமி படம். எதோ கோயிலுக்குப் போற சிலைன்னு நெனச்சோம். நான் சர்ச்சுக்குப் போறவன்தான், ஆனாலும் சாமிய எப்படி சார் தரையில போடறது? தெக்க போற வண்டியில ஏத்திவிட்டாவது அங்க விசாரிப்பாங்கன்னு பார்த்தேன். ஒரு வண்டியில செருப்பு மூட்டை. அடுத்ததுல முட்டை. நேத்து எலும்பு உரம். சுத்தமான வண்டியா வரட்டும்னு வச்சிருக்கோம்."

பார்த்தீங்களா? முப்பது வருஷமா சரக்க மதிக்காம உடைச்சானுங்க. ஒரு தடவ மதிச்சானுங்க, அனுப்பவே இல்ல.

இது என் பெட்டின்னேன். அப்பத்தான் மேனேஜர் வந்தாரு. சிலையா, எந்தக் கோயில் சிலை, பேப்பர் எங்க, போலீசுக்குச் சொல்லிரலாமான்னு ஆரம்பிச்சுட்டாரு. சிலைன்னு சொன்னா சிலை திருட்டுக் கேசு. என்னன்னு உண்மையச் சொன்னா அங்க மாலை தொங்குது. நான் பல்ல இளிச்சுக்கிட்டு, செராமிக் சாமான்தான் சார்னேன். சாமி சிலையே செராமிக்ல பண்றீங்களா, பிரிங்க பார்க்கலாம்னாரு. அதுக்குள்ள குடோன்ல இருக்கற அத்தனை பேரும் வந்து சுத்தி நின்னுட்டானுங்க. ஒருத்தன் கற்பூரத்த வேற ஏத்திட்டான், சாமி முகத்தத் தெறக்கறப்ப காட்டணும்னு.

பிரிச்சாங்க. வைக்கோல எடுத்தாங்க. வெள்ளை வெளேர்னு தெரிஞ்சுது.

கற்பூரம் மட்டும் எரிஞ்சுக்கிட்டிருந்துது. சவரிமுத்து என்னைப் பார்த்தாரு, அதப் பார்த்தாரு, மறுபடி என்னைப் பார்த்தாரு. "இதுக்கா சார் நான் வெள்ளிக்கிழமை பிரியாணி சாப்பிடாம இருந்தேன்?"னாரு. நானா சாப்பிடவேணாம்னேன்? அவரு கோவத்துல ஒரு காலு எடுத்து வச்சு, அந்த ஸ்டூல ஒரு எத்து எத்தினாரு. அவ்வளவுதான். டமார்னு ரெண்டாப் போச்சு. சாமியா இருந்த வரைக்கும் ஒரு கீறல் இல்ல தம்பி. என்னன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் உடைச்சுட்டானுங்க. ரசீத நீட்டினேன். மேனேஜர் அந்த முத்திரையத் தொட்டுக் காட்டினாரு. ஓனர்ஸ் ரிஸ்க்.

அதான் இந்தத் தடவ எவனையும் நம்பறதில்லன்னு, சூளையிலேர்ந்து நல்லதா ஒண்ண எடுத்து நானே கிளம்பிட்டேன். படம் கிடம் ஒண்ணும் ஒட்டல, பார்த்தீங்கல்ல? பொண்ணுகிட்டகூட முன்னாடியே சொல்லல. மதுரையில பஸ் ஏறினப்புறம்தான், நானே கொண்டாரேம்மான்னு மெசேஜ் போட்டேன். நேரா போஸ்ட் மாஸ்டர் முன்னாடி எறக்கி வச்சு, இந்தாங்க சம்பந்தி, டோர் டெலிவரின்னு சொல்லணும். அந்த மனுஷன் மூஞ்சியப் பார்க்கணும். கக்கூஸ்காரன்னு எவன் வாயத் தெறக்கறான்னு பார்க்கணும்.

இருங்க, அவதான் கூப்பிடறா. பெட்டியக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க.

சொல்லும்மா. ஆமா, பஸ்லதான். புளியங்குடி வரப்போவுது. இல்லம்மா, மடியில வச்ச மாதிரி கொண்டாரேன், ஒண்ணும் ஆகாது. என்ன? ஏன் கொண்டுவரக்கூடாது? எப்போ? ... எந்தக் கடையில? ... அவருகிட்ட என்னன்னு சொல்லியிருக்க? ... ம். ... ம். ஸ்டிக்கர நீயா சுரண்டின? கத்தியாலயா? கையக் கிழிச்சுக்கலயே? ... சரிம்மா. சரி. இல்ல, கோவமெல்லாம் இல்ல. வச்சுடு.

ஒண்ணுமில்ல தம்பி. தண்ணி இருந்தா கொஞ்சம் குடுங்க.

வாங்கி மாட்டிட்டாளாம். சம்பந்தி ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றதுக்கு முன்னாடியே மாட்டியாச்சாம். எங்கப்பா விருத்தாசலத்துலேர்ந்து அனுப்பிட்டாரு மாமான்னு அவருகிட்ட சொல்லியிருக்கா. மாப்பிள்ளைக்கு மட்டும் விஷயம் தெரியுமாம். எவனோ வடக்கத்திக் கம்பெனிக்காரன் சரக்கு, அவன் ஸ்டிக்கர சுரண்டி எடுத்துட்டு என்னுதுன்னு சொல்லியிருக்கா. சம்பந்தி தடவிப் பார்த்துட்டு, "உங்கப்பா சூளை சூளைதான்மா, என்ன ஒரு வழவழப்பு. தேதி தவறாமயும் அனுப்பிட்டாரே"ன்னாராம். பார்க்க வர்றவங்ககிட்டயெல்லாம் ரூமத் தெறந்து காட்டறாராம். இப்ப நான் இன்னொண்ணத் தூக்கிக்கிட்டுப் போயி நின்னா அவ சொன்னதெல்லாம் பொய்யாயிடும். பெட்டிய எங்கயாவது விட்டுட்டு கைய வீசிக்கிட்டு வாங்கப்பாங்கறா. அழுவறா வேற.

எப்படி இருக்கு கதை? முப்பது வருஷமா சூளையில வெந்தவன் நான். எவனோ போட்ட வழவழப்பத் தடவிப் பார்த்து, ஆமா சம்பந்தி, நம்ம சரக்கு எப்பவும் இப்படித்தான்னு நான் சொல்லணும். சொல்றேன். சொல்லாம என்ன பண்றது? அந்த வீட்ல அவ இருந்தாகணுமே.

உங்க வீட்ல யாருக்காவது முட்டி வலி இருக்கா? அப்பாவுக்கு? அப்ப இத எறக்கி எடுத்துட்டுப் போங்க. காசா? அதெல்லாம் ஒண்ணும் வேணாம். இந்தப் பக்கம் பிடிங்க, அடியில கை குடுங்க. மெதுவா.

என்னைக்கு வாங்கினன்னு கேட்டேன் தம்பி. அவ வேணும்னு சொல்லல, நான் கேட்டதால சொன்னா. அனுப்பறேன், அனுப்பறேன்னு நான் சொன்ன வரைக்கும் பொறுத்துப் பார்த்திருக்கா. அனுப்பிட்டேம்மான்னு லாரி ஆபீஸ் வாசல்லேர்ந்து போன் பண்ணினேன் பாருங்க, அந்தப் போன வச்ச கையோட கடைக்குப் போயிட்டாளாம்.